மீன் – 1

மத்திய வீதியில் பார்மசிக்கு மேலே
மூன்று மேசை, நாலு கதிரை, ஒரு மின்விசிறி.
நாலாவது கதிரை முதலீட்டாளருக்கு.
இன்றுவரை அதில் றவுட்டர்தான் இருக்கிறது.

நாங்கள் ஒரு கடல் செய்கிறோம்.
துறைமுக வாயைத் தாண்டியதும்
தரை சட்டென்று கைவிட்டுப்
பாகம் பாகமாய் இறங்குமே, அந்தப் பள்ளம்.
அதற்குள் விளக்கில்லாமல் போகும் ஒரு மீன்.
துப்பாக்கி இல்லை. புள்ளிகள் இல்லை.
அழுத்தம் ஏற ஏறச் சத்தம் மட்டும் மாறும்.
"பிறகு?" என்று கேட்டார் கொழும்பில் ஒரு வங்கிக்காரர்.
"பிறகும் இறங்கும்" என்றாள் கபிலாசினி.
அவர் தேநீரை முடித்துக்கொண்டார்.

ஆகவே பகலில்
உப்புவெளி விடுதிக்கு இணையத்தளம்
(திமிங்கிலம் வரும் பருவத்தில்தான் காசும் வரும்),
டியூட்டரி ஒன்றுக்கு வினாடிவினா,
மால்டாவில் எவருக்கோ
பழங்கள் சுழலும் சூதாட்டப் பொறி.
மூன்று செர்ரி ஒரே வரிசையில் நிற்பதை
எத்தனைக்கு ஒருமுறை அனுமதிக்கலாம் என்று
இம்தியாஸ் ஒரு வாரம் கணக்குப் போட்டான்.
அந்தக் காசில்தான் கிராபிக்ஸ் கார்ட் வந்தது.
வெறும் பெட்டியை வாசலில் வைத்தோம்.
இரவில் வந்த மான்கள் அதைத் தின்றுவிட்டுப் போயின.
அவனுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆறு மணிக்குப் பிறகு எங்கள் வேலை.
கணக்குப் பார்த்தால்
ஒரு ராத்திரிக்கு அரைச் செக்கன் கடல்.

கூட்டுநிதியும் கேட்டுப் பார்த்தோம்.
அந்தக் காசு எங்கள் வங்கிக்கு வராதாம்;
ஸ்காபரோவில் என் மச்சானின் கணக்கைக் கொடுத்தோம்.
இருபத்தைந்து டொலருக்கு
ஒரு மீனுக்கு உங்கள் பெயர்.
நாற்பத்தொரு நாள். அறுபத்து மூன்று பேர்.
ஒருவர் தன் பெயர் வேண்டாம்,
தன்னிடம் கடன் வாங்கி ஓடியவனின் பெயரை
இரை மீனுக்கு வைக்கச் சொன்னார்.
இலக்கைத் தொடாவிட்டால்
எல்லாம் திரும்பிப் போகும் என்பது விதி.
போனது.
பெயர்கள் மட்டும் என் எக்செல் தாளில் நிற்கின்றன,
நீந்த ஒன்றுமில்லாமல்.

கொட்பேயில் ஐஸ் பக்டரிக்குப்
பில் போடும் மென்பொருள் செய்தது அதற்குப் பிறகு.
பழைய பிரின்டர். பில் வர ஏழு செக்கன்.
அந்த ஏழு செக்கனுக்குத் திரையில் என்ன காட்டுவது?
வட்டம் ஒன்று சுழன்றால் போதும்.
கபிலாசினி எங்கள் மீனை விட்டாள்.
எவரிடமும் கேட்கவில்லை.

போன மாதம் அவர்கள் புதுப் பிரின்டர் வாங்கினார்கள்.
விடிய மூன்றரைக்கு என் போன்.
நசுறுதீன் ஹாஜியார்.
"மகன், பில் வருகுது. மீன் வருகுதில்ல."
அது பிழையில்லை, வேகம் கூடிவிட்டது,
காத்திருக்க நேரமில்லாததால்
காட்டவும் ஒன்றுமில்லை என்று விளக்கினேன்.
பின்னால் ஐஸ் கட்டை உடைபடும் சத்தம்.
"வேகம் கிடக்கட்டும் மகன்.
பொடியன்மார் பில்லை எடுக்காம நிக்கிறாங்க.
அது கீழ எதுவரைக்கும் போகும் எண்டு
ரெண்டு கட்டை பந்தயம் வெச்சிருக்காங்க."

எதுவரைக்கும் போகும்?
பில்லுக்குள் இருந்த கடல் ஏழு செக்கன்தான்.
எட்டாவதில் தரையும் இல்லை, தண்ணீரும் இல்லை,
வெறும் சாம்பல் நிறம்.

விடுதிக்காரரின் வேலையைத் தள்ளி வைத்தோம்.
பதினொரு செக்கன் கூடுதலாக ஊற்றினோம்,
புதுப் பிரின்டரை வேண்டுமென்றே காக்க வைத்து.
வாங்கிய காசுக்கு ஒரு பொருளை
மெதுவாக்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

மாத முடிவில் இன்வொய்ஸ் எழுதும்போது
விரல் நின்றது.
திருத்தம் என்று போடவா, பராமரிப்பு என்றா?
இம்தியாஸ் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.
"மீன், ஒன்று. அவ்வளவுதான், எழுது."
எழுதினேன்.
"விலை?"

கிலோவுக்கா, பாகத்துக்கா
என்று கேட்டாள் கபிலாசினி.